மாலை நேரத்தில் ஃபாரெக்ஸ் டிரேடிங் பழகலாமா? அப்படியே சட்டென்று முடிகிற மாதிரி ஒரு சிக்கனும் சொல்லுங்களேன்!

கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். கோவையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார், ஏழு மணி வாக்கில் வீடு திரும்புகிறார், கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது, யூடியூபில் பார்த்த ஓர் ஆப்பில் யூரோவையும் டாலரையும் வாங்கி விற்கப் பழகலாமா என்கிறார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாது, ஒரே வாணலியில் முடிகிற கோழிச் சமையல் வேண்டும் என்பது கேள்வியின் இரண்டாவது பாகம்.

சுருக்கமான பதில்: கோழியைச் செய்யுங்கள். ஆப்பில் பணம் போடாதீர்கள். நாணயச் சந்தையைப் பற்றிக் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை, ஆனால் அதற்கு அந்த ஆப் தேவையில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டாலர் ரேட் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் விஷயம் எளிதாகப் புரியும்.

பையர் ஒருவர் டி-சர்ட்டுக்கு விலை கேட்கிறார். நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி எல்லாம் ரூபாயில் கணக்குப் போட்டு, அன்றைய ரேட்டில் வகுத்து, டாலரில் விலை சொல்கிறோம். ஆர்டர் உறுதியாகி, சரக்கு கப்பல் ஏறி, பணம் வந்து சேர நான்கைந்து மாதம் ஆகும். 90 ரூபாய் என்று கணக்குப் போட்டு விலை சொல்லிவிட்டு, பணம் வரும் நாளில் ரேட் 88 ஆகியிருந்தால், ஐம்பதாயிரம் டாலருக்கு ஒரு லட்சம் ரூபாய் குறைகிறது. எங்கள் தொழிலில் லாபமே பீஸுக்குச் சில ரூபாய்தான், அதில் இந்த ஒரு லட்சம் பெரிய அடி. அதனால் வங்கியில் ஃபார்வர்டு புக் செய்வோம், அதாவது பின்னால் வரப்போகும் டாலருக்கு இன்றே ரேட்டை உறுதி செய்துகொள்வோம்.

காலையில் சந்தை கொஞ்சம் நிலைத்தபிறகு, டாலர் வாங்கி விற்கும் வங்கியின் டீலிங் ரூமுக்குப் போன் போடுவேன்.

"சார், செப்டம்பர் கடைசிக்கு அம்பதாயிரம் டாலர் செல் பண்ணணும். ரேட் சொல்லுங்க."

"ஸ்பாட் தொண்ணூறு பத்து. பிரீமியம் நாப்பத்தஞ்சு பைசா. எங்க மார்ஜின் மூணு பைசா. தொண்ணூறு அம்பத்திரண்டு, போட்டுடவா?"

"போடுங்க."

அவ்வளவுதான். பேச்சு பதிவாகியிருக்கும், கொஞ்ச நேரத்தில் காண்டிராக்ட் நோட் மெயிலில் வரும். "யோசிச்சுட்டு கூப்பிடறேன்" என்றால் அதற்குள் ரேட் மாறியிருக்கும். ஸ்பாட் என்பது அப்போதைய சந்தை ரேட், மூன்று பைசா வங்கியின் கமிஷன். அந்த நாற்பத்தைந்து பைசா பிரீமியம் வங்கி மனமிரங்கிக் கொடுப்பது கிடையாது. இந்தியாவில் வட்டி அதிகம், அமெரிக்காவில் குறைவு. அந்த வித்தியாசம்தான் பிரீமியமாக வருகிறது. இனி செப்டம்பரில் ரேட் 93 ஆனாலும் 87 ஆனாலும் எங்களுக்கு 90.52. பையர் பணம் தாமதமாக அனுப்பினால் மட்டும் தலைவலி: ஃபார்வர்டை ரத்து செய்ய வேண்டும், அல்லது அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டும், வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

இந்த வர்த்தகத்தில் எங்களுக்கு டாலர் வர வேண்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் எண்ணெய் இறக்குமதி செய்பவருக்கு டாலர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவின் சட்டம் நாணயச் சந்தையை இப்படித்தான் பார்க்கிறது: வரவோ செலவோ உள்ளவர் பாதுகாப்புக்காக வரும் இடம். உங்களுக்கு டாலர் வரவும் இல்லை, யூரோ செலவும் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் நாணய ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிப் பங்குச் சந்தையில் போடும் ஒப்பந்தம், 2008 ஆகஸ்ட் 29-ல் தேசியப் பங்குச் சந்தையில் தொடங்கியது. ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, 1000 டாலர். ரூபாய் கால் பைசா நகர்ந்தால் உங்கள் கணக்கில் இரண்டரை ரூபாய் நகரும். பல வருடம் சாதாரண ஆட்கள் பலர் இதில் ஆடிக்கொண்டிருந்தார்கள். குறிப்பிட்ட அளவு வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்திருந்தது. வரவு செலவே தேவையில்லை என்று அதற்குப் பலரும் அர்த்தம் செய்துகொண்டார்கள். 2024 ஜனவரி 5-ல் வந்த சுற்றறிக்கை அதைத் தெளிவாக்கியது: ஆவணம் கேட்க மாட்டோம், ஆனால் உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ உங்களிடம் இருந்தாக வேண்டும். அதே ஆண்டு மே 3 முதல் இது நடைமுறைக்கு வந்தது. புரோக்கர்கள் உறுதிமொழி கேட்கத் தொடங்கினார்கள், சந்தையில் கூட்டம் மளமளவென்று குறைந்தது.

ஆக, சட்டப்படி இருக்கிற பங்குச் சந்தை வழியிலேயே நீங்கள் சும்மா ஊகத்துக்காக நுழைய முடியாது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும் வெளிநாட்டு ஆப்களின் கதை இன்னும் மோசம். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலும் அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தைகளிலும்தான் இதைச் செய்யலாம். அனுமதி இல்லாதவற்றில் சிலவற்றின் பெயரை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் எச்சரிக்கைப் பட்டியலாகவே வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள், இதையும் ரிசர்வ் வங்கியே சொல்கிறது. வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்று சிலர் வாதம் செய்வார்கள். அப்படி அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கித் திட்டத்திலேயே, வெளிநாட்டில் மார்ஜின் (இந்த ஒப்பந்தங்களுக்குப் பிணையாகப் போடும் பணம்) கட்டுவதற்குப் பணம் அனுப்பக்கூடாது என்று இருக்கிறது. மீறினால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட முடியும்.

இருபதாயிரத்துக்கு யார் தேடி வரப்போகிறார்கள் என்று தோன்றும். சரி, சட்டத்தை ஓரமாக வையுங்கள். கணக்கைப் பார்ப்போம்.

இருபதாயிரம் ரூபாய், கிட்டத்தட்ட 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆப் உங்களுக்கு ஐந்நூறு மடங்கு லீவரேஜ் தருகிறது, அதாவது கையில் இருப்பதைப் போல ஐந்நூறு மடங்கு மதிப்புக்கு வாங்க விடுகிறது. விளம்பரத்தில் இதைப் பெரிய சலுகை மாதிரி காட்டுவார்கள். ஒரு யூரோ 1.15 டாலர் விலையில் நீங்கள் 80,000 யூரோ வாங்குகிறீர்கள். உண்மையில் யூரோ எதுவும் வாங்கவில்லை. விலை ஏறினால் இறங்கினால் வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்கிற ஒப்பந்தம் அது, அவ்வளவே. 92,000 டாலர் மதிப்புக்கு 184 டாலர் மார்ஜினாகப் பூட்டப்படும். நான்காவது தசம இடத்தில் ஒன்று நகர்வதைத்தான் ஒரு பிப் என்பார்கள். உங்களுக்கு ஒரு பிப் என்பது 8 டாலர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒன்றரை பிப் வித்தியாசம் இருந்தால், பட்டனை அழுத்திய கணமே 12 டாலர் போயிற்று. ஆயிரம் ரூபாய்க்கு மேல்! இன்னும் சந்தை அசையவே இல்லை.

இருபத்தைந்து பிப் எதிராகப் போனால் மொத்தப் பணமும் காலி. அவ்வளவு தூரம்கூடப் போக விடமாட்டார்கள். பல ஆப்களில் உங்கள் இருப்பு மார்ஜினில் பாதிக்கு இறங்கியதும் தானாகவே மூடிவிடும். இந்தக் கணக்கில் அது பதிமூன்று பதினான்கு பிப்பிலேயே நடந்துவிடும். யூரோ-டாலர் ஒரு சாதாரண நாளிலேயே இதைவிடப் பல மடங்கு ஆடும். நீங்கள் நினைத்த திசை கடைசியில் சரியாகவே இருக்கலாம், ஆனால் அதைப் பார்க்க உங்கள் கணக்கில் பணம் இருக்காது.

அவ்வளவு லீவரேஜ் வேண்டாம், சின்ன அளவில் நிதானமாகச் செய்கிறேன் என்றால்? 1000 யூரோ வாங்குங்கள். ஒரு பிப் பத்து சென்ட். முப்பது பிப் லாபம் வந்தால் மூன்று டாலர், ஏறக்குறைய 270 ரூபாய். ஒரு கிலோ கோழிக்கறிக் காசு. அதுவும் ஜெயித்த நாளில். இந்தக் கணக்கை எந்த யூடியூப் மாஸ்டரும் போட்டுக் காட்டுவதில்லை, ஏனென்றால் இதைப் பார்த்தபிறகு யாரும் கோர்ஸ் வாங்கமாட்டார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்தான் சந்தை சூடாக இருக்கும் நேரம். நமக்கு அது கோடைக்காலத்தில் மாலை ஐந்தரை வாக்கிலிருந்து இரவு ஒன்பதரை வரை, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரும், கோடைக்காலத்தில் நம் நேரப்படி மாலை ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. அந்த நிமிடத்தில் ஒன்றரை பிப் இருந்த இடைவெளி பல மடங்கு விரியும், விலை தாவும், நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டதும் தானாக விற்றுவிட நீங்கள் போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் ஆர்டர் சொன்ன விலையில் விழாமல் கிடைத்த விலையில் விழும். நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்து வந்த ஆள், எதிர்ப்பக்கம் இதையே தொழிலாக வைத்திருக்கும் வங்கிகளோடும் கணினிகளோடும் மோதும் நேரம் அது. உலக நாணயச் சந்தையில் 2025 ஏப்ரல் கணக்கெடுப்பின்படி ஒரு நாளைக்கு 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறுகிறது. நீங்கள் ஆப்பில் அழுத்தும் ஆர்டர் பல சமயம் அந்தக் கடலுக்குப் போவதே இல்லை. ஆப் நடத்தும் நிறுவனமே எதிர்ப்பக்கம் நின்றுகொள்ளும், நீங்கள் தோற்றால் அது அவர்கள் வருமானம்.

ஐரோப்பாவில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில். அங்கேயே 2018-ல் ஒழுங்குமுறை ஆணையம் பார்த்தபோது, இந்த வகை ஒப்பந்தங்களில் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் இருந்தன. அதனால் முக்கிய நாணயங்களுக்கு லீவரேஜை முப்பது மடங்காகக் குறைத்தார்கள். உங்களுக்கு ஐந்நூறு தருகிறேன் என்பவர் எங்கிருந்து நடத்துகிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் லாஸ் போட்டால் பயமில்லை என்பவர்கள் 2015 ஜனவரி 15-ஐத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு யூரோ 1.20 சுவிஸ் ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று மூன்று வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவந்த சுவிஸ் தேசிய வங்கி, அன்று காலை முன்னறிவிப்பில்லாமல் கையை எடுத்தது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. இடையில் விலையே இல்லை, எனவே ஸ்டாப் லாஸும் இல்லை. கணக்கில் இருந்த பணம் போனதோடு, மேற்கொண்டு கடனும் ஏறியது பலருக்கு. நாணய புரோக்கரான அல்பாரியின் பிரிட்டன் நிறுவனம் திவாலானது. எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற இன்னொரு புரோக்கர் நிறுவனம் 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் தப்பியது.

இன்னொன்று. பணத்தை ஏதோ ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். முதல் இரண்டு முறை லாபத்தை எடுக்க விடுவார்கள், பெரிய தொகை போட்டதும் எடுக்க வரி கட்டு என்பார்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், முதல் சில மணி நேரம் முக்கியம்.

அப்படியானால் புதிதாகக் கற்பவர் என்னதான் செய்வது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றின் ரெஃபரன்ஸ் ரேட், அதாவது அன்றைய அளவுகோல் ரேட், வெளியாகும். அதைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் கச்சா எண்ணெய் விலை. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது, எண்ணெய் ஏறினால் டாலர் தேவையும் ஏறும். அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பற்றிப் பேசிய நாட்களைக் குறியுங்கள். 2013-ல் அவர்கள் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கப்போகிறோம் என்று சொன்ன மாத்திரத்தில், மே மாதம் 55 ரூபாய் அருகே இருந்த டாலர் ஆகஸ்ட் 28-ல் 68-ஐத் தாண்டியது. "பொதுத்துறை வங்கிகள் டாலர் விற்றன" என்று செய்தியில் வந்தால், பெரும்பாலும் ரிசர்வ் வங்கி அவர்கள் மூலம் விற்கிறது என்று சந்தையில் எடுத்துக்கொள்வார்கள். நம் ரூபாய் அடிக்கடி கால் அரை ரூபாய்க்குள்ளேயே நாளைக் கழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று முந்தின நாளே எழுதி வைத்து, சில மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். காசு செலவில்லாத டிரேடிங் இது, தன்னம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் சரியான அளவுக்கு வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த அறிவு பணமாகும் இடமும் உண்டு. யாருக்காவது ஃப்ரீலான்ஸ் வேலை செய்து மாதம் 2000 டாலர் வாங்குகிறீர்கள் என்றால், வங்கி போர்டில் போட்டிருக்கும் கார்டு ரேட்டை அப்படியே ஏற்காதீர்கள். சந்தை ரேட்டுக்கும் அதற்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலே மாதம் 2000 ரூபாய். கேட்டால் குறைப்பார்கள், கேட்காதவருக்கு யாரும் குறைப்பதில்லை. சில்லறை வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கி வழியாகவே சந்தை விலைக்கு அருகில் டாலர் வாங்க விற்க எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற தளத்தை, வங்கிகளின் பரிவர்த்தனைகளைத் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 2019 ஆகஸ்டில் தொடங்கியது. தங்கை வெளிநாட்டில் படிக்கிறாள், ஃபீஸ் அனுப்ப வேண்டும் என்றாலும் உதவும். வங்கிக் கிளையில் விசாரித்தால் முதலில் முழிப்பார்கள், கொஞ்சம் வற்புறுத்துங்கள்.

இனி கோழி. ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரில் ஒரு சிக்கன் இருக்கிறதே, கொங்கு நாட்டு ஹோட்டல் எல்லாவற்றிலும் கிடைப்பது, அதுதான் உங்களுக்குச் சரி. மல்லித்தூள், கரம் மசாலா, தக்காளி எதுவும் கிடையாது. தனியாக இருப்பவர் அலமாரியில் எப்படியும் இருக்கிற சாமான்கள்தான்.

கறிக்கடையில் அரைக் கிலோ வாங்கி, தோலுரித்து, வழக்கத்தைவிடச் சின்னதாக வெட்டச் சொல்லுங்கள். குழம்புப் பீஸ் சைஸில் வெட்டினால் சரிவராது, பாதி அளவு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். திரும்பி வரும்போது தோல் தானாகக் கழன்று வரும். உரித்து, ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்குங்கள். எட்டுப் பல் பூண்டைத் தட்டி வையுங்கள். நீள வர மிளகாய் பத்துப் பன்னிரண்டைப் பிய்த்து, விதையை உதறிவிடுங்கள். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விதை போனால் காரம் குறைந்துவிடும், மணமும் நிறமும் மிஞ்சும். விதையோடு போட்டீர்களானால் இரவு தூக்கம் போய்விடும். தேங்காய் அரை மூடியில் பாதியைப் பல்லுப் பல்லாகக் கீறி வையுங்கள். துருவக் கூடாது.

அடிகனமான அகல வாணலி வேண்டும். தோசைக்கல்லுக்கு ஆழம் பத்தாது. மூன்று குழிக்கரண்டி என்று ஹோட்டலில் ஊற்றுவார்கள், நமக்கு மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய் போதும். காய்ந்ததும் தீயைக் குறைத்து மிளகாயைப் போடுங்கள். அது உப்பி, பளபளவென்று கருஞ்சிவப்பாகும். கறுப்பாக விடாதீர்கள், கசக்கும், அறை முழுக்க நெடியும் ஏறும். உடனே வெங்காயம், பூண்டு, இரண்டு ஈர்க்கு கறிவேப்பிலை. வெங்காயம் ஓரம் சிவந்ததும் கறி, அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், உப்பு. இப்போது தீயைக் கூட்டி நான்கைந்து நிமிடம் புரட்டுங்கள். கறியின் இளஞ்சிவப்பு மாறி வெள்ளையாகும்.

அப்புறம் மூடி போட்டு, தீயை நடுத்தரத்துக்கும் கீழே வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிராய்லர் கோழியே போதுமான தண்ணீர் விடும், திறந்து பார்த்தால் பாதி மூழ்கியிருக்கும். அடி பிடிப்பது போலத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் தெளியுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம், நடுவில் இரண்டு முறை கிளறல். பெரிய துண்டு ஒன்றை எடுத்து எலும்போரம் கீறிப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. எலும்பில்லாத கறி என்றால் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் இந்தச் சமையலுக்கு எலும்போடு இருப்பதே ருசி.

வெந்ததும் மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் குறைந்து, எண்ணெய் பொரியும் சத்தம் தொடங்கும்போது தேங்காய்ப் பல்லைப் போடுங்கள். இதுதான் முக்கியமான ஐந்து நிமிடம், செல்போனைக் கையில் எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒட்டும் வெங்காயத்தையும் மிளகாயையும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கறியோடு சேர்த்தால் அதுவே மசாலாவாகிப் பிடிக்கும். தேங்காயின் விளிம்பு பொன்னிறமானதும் அடுப்பை அணைக்கலாம்.

கறியைத் தட்டுக்கு மாற்றியபின் வாணலியைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். அடியில் இருக்கும் எண்ணெயிலும் ஒட்டலிலும் ஆறிய சோறு இரண்டு கரண்டி போட்டுப் புரட்டுங்கள், வேறு குழம்பு வேண்டியதில்லை. அரைக் கிலோவில் பாதி மறுநாளுக்கு மிஞ்சும். சூடாக்கும்போது இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் நான்கு தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போதும். முட்டைக்குத் தனியாக உப்பு கொஞ்சம் போட மறக்காதீர்கள்.